இறக்கம் முதலில் வந்த மலை

என் கால்கள் மீது எனக்கு எப்போதும் ஒரு திமிர் உண்டு. பழனி அடிவாரத்தில் முப்பது வருடமாகத் தேங்காய் பழக்கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னாலேயே வீடு. கணவர் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து கடையிலும் நான் ஒருத்திதான், வீட்டிலும் நான் ஒருத்திதான். மாதாமாதம் கார்த்திகை அன்று விடிவதற்குள் குளித்துவிட்டு மலையேறுவேன். விஞ்ச்சில் போனதில்லை, ரோப் காரில் போனதில்லை. படி வழியாக ஏறி, யானைப்பாதை வழியாக இறங்கி, எட்டு மணிக்குக் கடையைத் திறந்துவிடுவேன். நடுவழியில் உட்கார்ந்து மூச்சு வாங்கும் இளவட்டங்களைப் பார்த்தால், "என்ன தம்பி, மலை நகர்ந்துருச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் தாண்டிப் போவேன். அந்த வாய்தான் என்னை வெள்ளகவிப் பள்ளத்தாக்கு வரைக்கும் கொண்டுபோய் விட்டது.

போன ஐப்பசி மழையில் பின்வாசல் கல்லில் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டதால் எழுந்திருக்க முடியவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த ஈரத்திலேயே கிடந்தேன். நேரமாகியும் கடை திறக்கவில்லையே என்று பக்கத்துப் பூக்கடைக்காரி வந்து கதவைத் தட்டி, பிறகு யாரையோ கூப்பிட்டுத் தாழ்ப்பாளை உடைத்து உள்ளே வந்தாள். கட்டுப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தபோது கோயம்புத்தூரிலிருந்து மகன் வந்து சேர்ந்தான். எனக்கு ஒரே பிள்ளை. அங்கே ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். வந்தவன் என் கையைப் பார்க்கவில்லை. நேரே என் முகத்தைப் பார்த்து, "கடையை மூடிட்டு என் கூட வந்துரும்மா" என்றான்.

அன்று ஆரம்பித்தது. போனில் பேசினால் அதே பேச்சு, நேரில் வந்தால் அதே பேச்சு. மருமகள் தன் வீட்டில் எனக்கென்று ஒரு அறையை ஒழித்து, கட்டில் போட்டு, குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் பதித்துவிட்டாள். நல்ல பிள்ளைகள்தான். அதுதான் சிக்கலே. கெட்ட பிள்ளைகளாக இருந்திருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் எட்டாவது மாடியில், சுவரில் பதித்த ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டுவதற்கு எனக்கு மனசில்லை. காலையில் கடைப் பலகையைத் தள்ளித் திறக்கும்போது வருகிற அந்தச் சத்தம் இல்லாமல் எனக்கு விடியாது.

தைப்பூசக் கூட்டம் ஓய்ந்து, பங்குனி உத்திரக் கூட்டம் இன்னும் ஆரம்பிக்காத மாசி மாதத்தில் அவன் வந்தான். மறுபடியும் அதே பேச்சு. நான் பொறுமை இழந்து, "மாசா மாசம் மலையேறுறவடா நான். உன்னால முடியுமா?" என்றேன்.

"அது படிக்கட்டும்மா. பிடிச்சுக்கக் கைப்பிடி இருக்கு, அங்கங்க நிழல் இருக்கு, முடியலன்னா விஞ்ச் இருக்கு."

"அப்ப நீயே ஒரு மலையைக் காட்டு. ஏறுறேனா இல்லையா பாரு."

அவன் எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்தான். பிறகு கொடைக்கானலில் வட்டக்கானலுக்குக் கீழே வெள்ளகவி என்று ஒரு கிராமம் இருப்பதாகவும், காரில் போக வழியில்லாமல் ஒற்றையடிப் பாதையில்தான் போய்வர வேண்டும் என்றும், அவனுடைய ஆபீஸ்காரர்கள் போய்விட்டு வந்து ஒரு வாரம் நொண்டினார்கள் என்றும் சொன்னான். "யாரும் கையப் பிடிக்காம, உன் கால்லயே போய்ட்டு உன் கால்லயே மேல வந்துட்டா இனிமே இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். முடியலன்னா அங்கேருந்து நேரா என் கூட கோயம்புத்தூர் வரணும். கடையை நான் பாத்துக்கறேன்."

"சரி" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அவனுடைய காரில் கொடைக்கானலுக்குப் போய், ஒரு லாட்ஜில் தங்கி, அடுத்த நாள் வெள்ளனே வட்டக்கானலுக்குப் போனோம். வெள்ளகவியைச் சேர்ந்த ஒருவரை மகன் போனில் பேசி வரச் சொல்லியிருந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். வழி காட்டுவதும், ஊருக்குச் சாமான் ஏற்றிப் போகும் குதிரைகளைப் பார்த்துக்கொள்வதும்தான் அவருக்குச் சோலி. என்னை மேலும் கீழும் பார்த்தார். மருமகள் வாங்கிக் கொடுத்த வெள்ளை ஷூவையும், கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிய சேலையையும் பார்த்துவிட்டு, "அம்மா, எறங்குறது சுளுவா இருக்கும். அந்தத் தெம்புல ஓடிராதீங்க. திரும்பி ஏறுறதுக்குக் கால மிச்சம் வைங்க" என்றார்.

"எனக்கு மலையைப் பத்திச் சொல்றீங்களா? நான் பழனிக்காரி" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

கொஞ்ச தூரம் காட்டுக்குள் வேர்களின் மேல் இறங்கியதும் டால்பின் நோஸ் என்று சொல்கிற பாறை வந்தது. மலையிலிருந்து ஒரு பாறை மட்டும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் நுனியில் நாலைந்து பேர் படுத்துக்கொண்டும் தாவிக்கொண்டும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓரமாக நின்று கீழே எட்டிப் பார்த்தேன்.

உயரத்திலிருந்து கீழே பார்ப்பது எனக்குப் புதிதல்ல. பழனி மலைமேல் நின்று பார்த்தால் வையாபுரிக் குளம் தெரியும், பஸ் ஸ்டாண்ட் தெரியும், லாட்ஜ் மாடிகளில் தண்ணீர்த் தொட்டிகள் தெரியும், தேடினால் என் கடைத் தகரம்கூடத் தெரியும். கண்ணில் படுகிற எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. இங்கே ஒன்றுக்கும் பெயர் இல்லை. இரண்டு பக்கமும் மலை செங்குத்தாக அறுபட்டு இறங்கி, இறங்கி, அடியைக் காட்டாமல் பச்சையாகவும் பிறகு நீலமாகவும் மங்கிப் போயிருந்தது. எதிர்ப்பக்கச் சுவரில் ஓர் அருவி வெள்ளை நூலாகத் தொங்கியது. அதன் சத்தம் இங்கே வந்து சேரவில்லை. பருந்து ஒன்று வட்டமடித்துக்கொண்டிருந்தது. அதன் முதுகைப் பார்த்தேன். இத்தனை வயதுக்கும் பருந்தின் அடிவயிற்றைத்தான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் தெருவிலிருந்து தெற்கே பார்த்தால் இதே மலைத்தொடர்தான் நீலச் சுவராக நிற்கும். மேகம் அதில் மோதினால் மழை என்று தேங்காய் மூட்டைகளை உள்ளே இழுத்து வைப்போம். அவ்வளவுதான் எனக்கும் அதற்கும் பழக்கம். அந்தச் சுவருக்குப் பின்பக்கம் இப்படிப் பிளந்து கிடக்கிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. பயமாக இருந்தது என்பதை மறைப்பானேன். பயம் வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும். நீ எவ்வளவு பெரிசாக இருந்தால் எனக்கென்ன என்று அந்தப் பள்ளத்தைப் பார்த்து மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"திரும்பிரலாமாம்மா?" என்று மகன் கேட்டான்.

"போட்டோ எடுத்தது போதும், நட" என்றேன்.

அதற்கப்புறம் நான் இறங்கியதை இறக்கம் என்று சொல்லக்கூடாது, ஓட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். கல் பாவிய பாதை சில இடங்களில் படி மாதிரி இருந்தது. சில இடங்களில் மண் சரிந்து வெறும் வேர்கள்தான் இருந்தன. எனக்கு மூச்சே வாங்கவில்லை. மகன் பின்னால் ஒவ்வொரு கல்லாகக் கால் வைத்துப் பார்த்துப் பார்த்து வந்தான். நான் திருப்பத்தில் நின்று அவன் வரும்வரை இடுப்பில் கை வைத்துக் காத்திருந்து, "ஏலே, வெரசா வா, அந்த ஊர்ல பொண்ணா பாக்கப் போறோம்?" என்று சத்தம் போட்டேன். வழிகாட்டி இரண்டு தடவை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. எதிரில் மூட்டை ஏற்றிய குதிரைகள் ஏறி வந்தபோது மட்டும் மலைப்பக்கம் ஒதுங்கி நின்றேன். குதிரைகளே வேர்த்து நனைந்து நுரை தள்ளிக்கொண்டுதான் வந்தன. அதைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

ஊர் தொடங்கும் இடத்தில் வழிகாட்டி நின்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். இங்கே தெருவில் யாரும் செருப்புப் போடுவதில்லையாம். வீட்டுக்கு வீடு கோயில், கோயிலை ஒட்டியே வீடு. ஊர் முழுக்கவே சாமியிருக்கும் இடம் என்பதால் உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் எல்லாருமே வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும். மகன் தன் விலையுயர்ந்த ஷூவின் கயிற்றைக் குனிந்து அவிழ்க்கத் தொடங்கினான். எனக்குச் சிரிப்பு வந்தது. "செருப்பை இங்க விட்டுட்டுப் போங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று என் கடை வாசலில் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறவள் நான். முப்பது வருடத்தில் என்னைப் பார்த்து ஒருவர் அப்படிச் சொன்னது அன்றைக்குத்தான்.

வெறுங்காலோடு தெருவில் நடந்தபோது உடம்பு லேசானது. நாலு பக்கமும் மலை, நடுவில் ஒரு கை அகலத் தெரு. ஒரு வீட்டு வாசலில் என் வயதுள்ள ஒரு பெண் பட்டர்ஃப்ரூட்டைத் தரம் பிரித்துச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து போய்க் கடுங்காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவள் வீட்டுக் கொல்லையில் விளைந்த காப்பி. அவளும் மத்தியானம் மேலே ஏறப் போவதாகச் சொன்னாள். கொடைக்கானலில் மகள் வீடு இருக்கிறதாம்.

"பாத்து ஏறுங்கக்கா. நீங்க எறங்கி வந்த வேகத்த மேட்டுல இருந்தே பாத்தேன்" என்றாள்.

"நான் பழனிக்காரி" என்று அவளிடமும் சொன்னேன்.

ஏறத் தொடங்கி அரை மணி நேரம்தான் இருக்கும். முதலில் இடது தொடை பிடித்துக்கொண்டது. உதறினேன். பத்தடி நடந்ததும் வலது தொடையும் பிடித்துக்கொண்டது. ஒரு கல்லில் கால் வைத்து உடம்பைத் தூக்கினால் கால் வரவில்லை. யாரோ இரண்டு தொடையிலும் அம்மிக்கல்லைக் கட்டிவிட்ட மாதிரி இருந்தது. பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு எழ முடியவில்லை.

அங்கே உட்கார்ந்துதான் என் தப்பு எனக்குப் புரிந்தது. இந்தத் தப்பை எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும்தான் செய்ய முடியும். எங்கள் மலையில் முதலில் ஏற்றம், பிறகுதான் இறக்கம். இடும்பன் சன்னதியில் மூச்சு முட்டினால் திரும்பிவிடலாம். திரும்பினால் கால் தானாக வீடு கொண்டுவந்து சேர்க்கும். எவ்வளவு முடியும் என்பது ஏறும்போதே தெரிந்துவிடும். மேலே போய்ச் சேர்ந்துவிட்டால் கஷ்டம் முடிந்தது, அதற்கப்புறம் எல்லாம் சாமி பார்த்துக்கொள்வார். முப்பது வருடமாக என் கால்கள் பழகிய கணக்கு அது. இந்தப் பள்ளத்தாக்கு அதைத் தலைகீழாக வைத்திருந்தது. சுகத்தை முதலில் கொடுத்து, கடைசியில்தான் மலையைக் காட்டியது. திரும்பினாலும் ஏற்றம்தான். மூச்சு வாங்காததால் நான் ஒன்றும் செலவழிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே, இருந்ததையெல்லாம் இறங்கும்போதே தொலைத்திருந்தேன்.

மகன் பக்கத்தில் உட்கார்ந்தான். கையை நீட்டினான். "போதும்மா, விட்ருவோம்."

அந்தக் கையைத் தட்டிவிட்டேன். தவழ்ந்தாவது போவேன் என்று எழுந்து பாறையையும் செடியையும் பற்றி எட்டடி போனேன். எட்டு என்று எனக்குத் தெரியும், எண்ணினேன். ஒன்பதாவது அடியில் மறுபடி உட்கார்ந்தேன். எதிரே பள்ளத்தாக்கு அசையாமல் இருந்தது. மூடுபனி அதன் அடியிலிருந்து மெல்ல ஏறி வந்தது. அதற்கு மட்டும் கால் வலிக்கவில்லை. "சிரிக்கிறியா?" என்று சத்தமாகவே கேட்டேன். எங்கள் மலைமேல் இருக்கிறவரிடம் நான் இப்படிச் சண்டை போட்டால் அவர் கேட்டுக்கொள்வார் என்று ஒரு நம்பிக்கை இருக்கும். இதற்குக் காது கிடையாது. மனிதர்களைப் பற்றி ஒரு அக்கறையும் இல்லாத ஒன்றின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். கால்வலிக்காக அழவில்லை. கோயம்புத்தூர், எட்டாவது மாடி, சுவரில் கம்பி எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

வழிகாட்டி சிக்னல் கிடைக்கும் பாறை ஒன்றின் மேல் ஏறி ஊருக்குப் போன் செய்தார். என்னைத் தூக்கிப் போக டோலி கொண்டுவரச் சொன்னார். "நான் ஏற மாட்டேன்" என்று கத்தினேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்போதுதான் அந்தப் பட்டர்ஃப்ரூட் பெண் தலையில் சாக்கோடு கீழேயிருந்து ஏறி வந்தாள். நான் கிடந்த கிடையைப் பார்த்துச் சாக்கை ஒரு பாறையில் இறக்கி வைத்துவிட்டு, என் எதிரில் குந்தி உட்கார்ந்து, கேட்காமலேயே என் கெண்டைக்காலைப் பிடித்து நீவத் தொடங்கினாள்.

"டோலி வந்துரும்க்கா. உக்காந்து வாங்க."

"அதுல ஏறினா நான் தோத்துட்டேன்னு அர்த்தம்."

"யாருக்கிட்ட தோத்தீக?"

நான் மகனைக் காட்டினேன். அவன் சற்றுத் தள்ளிப் போய்ப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பந்தயத்தை அவளிடம் சொன்னேன். விழுந்தது, மணிக்கட்டு, கடை, கோயம்புத்தூர் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு சிரித்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"என்ன சிரிப்பு?"

"கோவிச்சுக்காதீகக்கா. என்னிய ரெண்டு தடவ இந்தப் பாதையில தூக்கிட்டுப் போயிருக்காக. மொதத் தடவ பிரசவத்துக்கு. ரெண்டாந் தடவ பாம்பு கடிச்சு. ஆஸ்பத்திரில கெடந்துட்டு, சரியானதும் நடந்து ஊருக்கு வந்துட்டேன்."

"மேலயே இருந்துக்கன்னு உன் பிள்ளைக சொல்லலயா?"

"சொல்லத்தான் செய்யும். மக மூணு வருசமாச் சொல்றா." அவள் என் மறுகாலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "தூக்கிட்டுப் போனா ஊர விட்டுப் போயிரணுமாக்கா? தூக்குறதுக்குத்தானே ஊருன்னு ஒண்ணு கெடக்கு?"

அவள் நீவிக்கொண்டே இருந்தாள். எனக்குள் ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது. ஐப்பசியில் ஈரத்தில் கிடந்த அந்த ஒரு மணி நேரத்தை என் தோல்வியாகவே இத்தனை மாதமாகச் சுமந்துகொண்டிருந்தேன். நீ தனியாகக் கிடந்தாய் என்று மகன் சொல்லும்போதெல்லாம் தலை குனிந்தேன். ஆனால் தாழ்ப்பாளை உடைத்தது யார்? என்னை ஆட்டோவில் ஏற்றித் தன் மடியில் சாய்த்துக்கொண்டு போனது யார்? கட்டோடு வீடு திரும்பிய பிறகு இரண்டு மாதம் எனக்குத் தலை வாரி விட்டது யார்? அன்றைக்குப் பூக்கடைக்காரி கட்டி வைத்த மாலைகள் அப்படியே வாடிப் போயின. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் ஒருநாளும் தனியாக இருந்ததில்லை. தனியாக இருக்கிறேன் என்று வீம்பாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததுதான் நான் செய்த முட்டாள்தனம்.

நான்கு பேர் மூங்கில் கம்பும் கம்பளியும் ஒரு பழைய நாற்காலியுமாக ஏறி வந்தார்கள். நாற்காலியைக் கம்பில் கட்டி, என்னைத் தூக்கி உட்கார வைத்து, கம்பளியால் இடுப்பைச் சுற்றிக் கட்டினார்கள். காலம் முழுக்கத் தேங்காயோடு காவடிக்கு மயில்தோகையும் விற்றவள் நான். அன்றைக்கு நானே காவடிச் சுமையாகித் தோளில் ஏறினேன். வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டே தோள் மாற்றித் தோள் மாற்றி நடந்தார்கள். "பங்குனி உத்திரத்துக்குப் பழனி வந்தா என் கடையிலதான் செருப்ப விடணும்" என்றேன். "நாங்க வெறுங்காலாத்தான் வருவோம்" என்றார் ஒருவர். அப்படியானால் தேங்காய் என் கடையில்தான் என்று நான் விடவில்லை.

அந்த நாற்காலியில் இருந்துதான் பள்ளத்தாக்கை முழுசாகப் பார்த்தேன். நடந்தபோது அது எனக்குக் கால்விரலுக்கு முன்னால் மூன்றடி அகலம்தான். இப்போது கால்களுக்கு வேலையில்லை, கண்ணுக்குத்தான் வேலை. மூடுபனி விலகிய இடத்தில் எதிர்ச்சுவர் பாறை சிவந்து தெரிந்தது. மழை நீர் வழிந்த கறுப்புக் கோடுகள், பாறை இடுக்கில் நிற்கும் ஒற்றை மரம், கீழே எங்கோ பெரியகுளம் பக்கத்து வெயில், குளங்கள் மின்னுவது. கீழே திரும்பிப் பார்த்தால் வெள்ளகவி ஒரு பிடி ஓட்டுக் கூரையும் தகரமுமாக அந்த மகாப் பள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய பிளவு வாயைத் திறந்து பக்கத்திலேயே கிடக்கும்போதும் அந்த ஊர் இடம்பெயரவில்லை. வாய்விட்டு, "நல்லா இரு" என்றேன். எதைச் சொன்னேன் என்று முன்னால் தூக்கியவர் கேட்டார். "ஊரை" என்றேன்.

வட்டக்கானலில் கார் நின்ற இடத்தில் இறக்கிவிட்டார்கள். வெயில் சாய்ந்திருந்தது. நான் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகன் அவர்களிடம் பேசி முடித்துவிட்டு வந்தான். அவன் முகத்தில் ஜெயித்த சந்தோஷம் இல்லை. அது எனக்கு வசதியாக இல்லை; அவன் கொஞ்சம் கெக்கலித்திருந்தால் பேசுவதற்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் தோத்துட்டேன்" என்றேன். "ஒத்துக்கறேன். ஆனா வர மாட்டேன்."

"அம்மா, பேசுனது பேசுனதுதான்."

"பேசுனதே தப்பு. நான் எங்க இருக்கணும்ங்கிறதுக்கு என் கால பந்தயம் வச்சதே தப்பு. கால் இருந்தா இருக்கலாம், கால் போனா கெளம்பணும்னா, அது என்ன வீடா, லாட்ஜா?"

"இப்படிப் பேசினா நான் என்ன பண்ணறது?"

"எங்கம்மா வாக்குத் தவறிட்டான்னு ஊரெல்லாம் சொல்லு. தவறிட்டுத்தான் போறேன்."

அவன் கதவைப் படீரென்று சாத்தினான். பெருமாள்மலை வரைக்கும் வளைவுக்கு வளைவு பிரேக்கைப் போட்டு உலுக்கிக்கொண்டே ஓட்டினான். அங்கே இடது பக்கம் திரும்பிப் பழனிச் சாலையில் இறங்கத் தொடங்கிய பிறகு, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல், "நீ விழுந்த அன்னைக்குப் பதினாலு தடவ கூப்பிட்டேம்மா" என்றான். "பதினாலு தடவ. மீட்டிங்ல எல்லாரும் என்னையப் பாக்கறாங்க. நீ எடுக்கல. நீ இல்லைன்னே முடிவு பண்ணிட்டேன். கார எடுக்கத் தைரியம் வரல, பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, எந்த பஸ்ல ஏறணும்னு தெரியாம நின்னுட்டு இருந்தேன்." குரல் உடைந்தது. வளைவில் ஹாரன் அடித்தான். அழுகையை மறைக்கத்தான் அடித்தான் என்று எனக்குத் தெரியும், எதிரே வண்டியே இல்லை.

அவன் தலையைத் தடவிக் கொடுக்க வேண்டும் என்றிருந்தது. தடவினேன். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"அந்தப் பயம் உன்னோடதுப்பா. அது நியாயமான பயம்தான். ஆனா உன் பயம் அடங்குறதுக்கு நான் வீட்டைக் காலி பண்ண முடியாது. பயமா இருந்தா நீ வா. வந்து பாத்துட்டுப் போ. பூக்கடைக்காரி நம்பரை வச்சுக்க, சாவி ஒண்ணு அவகிட்ட குடுத்து வைக்கிறேன். நாளைக்கு மறுபடி விழுந்தாலும் தூக்கறதுக்கு ஆள் உண்டு. தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகட்டும், நீயும் வா. அப்புறம் திருப்பி என் வீட்டுல கொண்டாந்து விடு."

மலை முடிந்து சமவெளிக் காற்று சூடாக முகத்தில் அடித்தது. தூரத்தில் கோயில் விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன. கோயம்புத்தூர் போவதென்றாலும் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். உடுமலைச் சாலைக்கு நேரே போகலாம், அடிவாரத்துக்குத் திரும்பலாம். நான் கதவுக் கைப்பிடியில் கை வைத்துக்கொண்டேன். நேரே போனால் சிக்னலில் இறங்கிவிடுவதாக முடிவு செய்திருந்தேன். இரண்டு தொடையும் கல்லாகிக் கிடக்கும்போது எப்படி இறங்குவேன் என்று யோசிக்கவில்லை. உருண்டாவது இறங்கியிருப்பேன்.

முனையில் வண்டி வேகம் குறைந்தது. அவன் என் கையைப் பார்த்தான், கைப்பிடியைப் பார்த்தான். பெருமூச்சு விட்டு அடிவாரத்துக்குத் திருப்பினான்.

கடைவீதியில் கார் போக இடமில்லை. முனையில் நிறுத்திவிட்டு இறங்கி வந்து கதவைத் திறந்தான். கையை நீட்டினான். மத்தியானம் அந்தப் பாறையில் தட்டிவிட்ட அதே கை. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் தோளில் என் முழுப் பாரத்தையும் போட்டு, நொண்டி நொண்டி, என் வீட்டு வாசற்படியை ஏறினேன். என்னை உள்ளே உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அவன் மட்டும் கோயம்புத்தூருக்குப் போனான். நான் இங்கேதான் இருக்கிறேன்.